ஒரே சிம்பொனி, ஐம்பது வீடியோ: எது நல்லது என்று எப்படிச் சொல்வது?

2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அந்த வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்குப் பழுதுபார்க்கச் சாமான் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மறு வாரமும் வந்தார். கையில் பழுதான சாமான் எதுவும் இல்லை, ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

"அண்ணே, சிம்பொனி என்றால் என்னவென்று பார்க்கலாம் என்று யூடியூபில் தேடினேன். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி ஒன்றையே ஐம்பது இசைக்குழுக்கள் வாசித்துப் போட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே இசைதானே? இதில் எது நல்லது, எது சுமார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான் இசைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. டிவியும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்ப்பது என் தொழில். ஆனால் விஎச்எஸ் நாடா காலத்திலிருந்து சிம்பொனி வீடியோக்களைச் சேர்த்து வருகிறேன். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பதும் கேட்பதும் என் ஞாயிற்றுக்கிழமைகளின் பெரும் பகுதி. அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சிம்பொனி என்பது என்ன? பெரிய இசைக்குழு ஒன்று வாசிப்பதற்காக எழுதப்பட்ட நீண்ட இசைப்படைப்பு. அறுபது பேரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். வழக்கமாக நான்கு அங்கங்கள்: விறுவிறுப்பான முதல் அங்கம், நிதானமான இரண்டாவது, நடன நடையில் மூன்றாவது, முடிவை நோக்கிப் பாயும் நான்காவது. பெரும்பாலான சிம்பொனிகளில் பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. நம் கச்சேரியோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நம் வித்வான் மேடையிலேயே கற்பனை ஸ்வரம் பாடுவார்; நேற்றுப் பாடியது இன்று வராது. சிம்பொனியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. பெர்லினில் வாசித்தாலும் கோலாலம்பூரில் வாசித்தாலும் அதே ஸ்வரங்கள்தான்.

அப்படியென்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எழுதிவைக்க முடியாதவற்றிலிருந்து வருகிறது. 'மெதுவாக' என்று தாளில் இருக்கும். எவ்வளவு மெதுவாக என்பது வாசிப்பவர் கையில். ஒரு ஸ்வரத்தின் மேல் 'நிறுத்திப் பிடி' என்று குறி இருக்கும்; எத்தனை நொடி என்று இருக்காது. பத்துக் கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்பதை இசை நடத்துநர் முடிவு செய்கிறார். குறளை எல்லாரும் ஒரே எழுத்தில்தான் படிக்கிறோம். ஆனாலும் தமிழாசிரியர் ஒருவர் வாய்விட்டுப் படிப்பதும் வேறொருவர் படிப்பதும் ஒன்றாகவா இருக்கிறது?

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஆண்டுக்கொரு முறை மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து நாதஸ்வரக் குழு வரும். விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறவர்கள், இசையை யாரிடமும் கற்றுக்கொள்ளாதவர்கள், பந்தலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "போன வருஷத்துக்காரர் இதே இடத்தில் கொஞ்சம் நின்று வாசித்தார், இவர் ஓடிவிட்டார்" என்று சொல்வார்கள். அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கும். அந்த 'இதே இடத்தில்' என்ற சொல்லில்தான் முழு வித்தையும் இருக்கிறது. முழு சிம்பொனியையும் மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. குறிப்பிட்ட சில இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தை இரண்டு வீடியோக்களில் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேறுபாடு தானாகக் காதில் விழும்.

ஐந்தாவது சிம்பொனியில் மூன்று இடங்கள்

பீத்தோவனின் ஐந்தாவதையே எடுத்துக்கொள்வோம். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முறையாக ஒலித்தது. அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நீளும் படைப்பு. புதியவருக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது.

முதல் இடம், தொடக்கம். த-த-த-தாஆ. மூன்று குறில், ஒரு நெடில். கேட்காதவரே இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த முதல் 'த'வுக்கு முன்னால் தாளில் ஒரு சின்ன மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. நடத்துநர் கையை இறக்கும்போது ஒலி வராது. அடுத்த கணத்தில்தான் வர வேண்டும். அத்தனை தந்திக் கருவிகளும் கிளாரினெட்டுகளும் அந்த மௌனத்திலிருந்து ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். சரியாகக் குதித்தால் மூன்று குறிலும் தனித்தனியாக, கத்தி போலக் கேட்கும். கொஞ்சம் பிசகினாலும் 'த்ரத்தாஆ' என்று குழையும். அடுத்து அந்த நெடிலைக் கவனியுங்கள். சிலர் அதைப் பிடித்து நிற்பார்கள், சிலர் உடனே விட்டுவிடுவார்கள். இரண்டும் சரியே. ஆனால் தொடக்கத்தில் பெரிய கம்பீரத்தோடு பிடித்து நின்றவர், பின்னால் அதே உருவம் திரும்பி வரும்போது அவசரமாக ஓடினால், அவருக்கே தான் என்ன சொல்ல வந்தோம் என்று தெளிவில்லை என்று பொருள்.

இரண்டாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் அங்கத்தில் பாதியைத் தாண்டியதும் அந்தத் தொடக்க இசை முழு வேகத்தோடு திரும்பி வரும். அப்போது திடீரென்று எல்லாக் கருவிகளும் நின்றுவிடும். ஒரே ஒரு ஓபோ மட்டும், பத்துப் பன்னிரண்டு நொடி, தனியாக ஒரு சிறு வரியை வாசிக்கும். அவ்வளவுதான். பிறகு மறுபடி புயல்.

ஓபோவைப் பார்த்தால் நம்மவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. நாதஸ்வரத்தின் சீவாளி போலவே அதற்கும் நாணலில் செய்த இரட்டை நாக்கு உண்டு. இசைக்குழு வாசிக்கத் தொடங்குவதற்கு முன் சுருதி சேர்ப்பதும் ஓபோ கொடுக்கும் ஒற்றை ஸ்வரத்துக்குத்தான். நம் ஒத்து செய்யும் வேலைக்குப் பக்கத்தில் வரும் வேலை. சீவாளியின் வாய் மிகச் சிறியது என்பதால் ஓபோக்காரருக்கு மூச்சுப் போதாமல் போவதில்லை, மிஞ்சிவிடுகிறது. உள்ளே தேங்கிய காற்றை முதலில் வெளியே விட்டுவிட்டுத்தான் புதுக்காற்றை எடுக்க வேண்டும். நல்ல வீடியோவில் கேமரா அவர் முகத்தருகே நிற்கும். வரி தொடங்குவதற்கு முன் அவர் மூச்சை விடுவதும் எடுப்பதும், உதடு சீவாளியைப் பற்றுவதும் தெரியும். பிறகு ஒலி. அந்தப் பத்து நொடியில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அவர் அந்த வரியை ஒரு ஆளாக நின்று பேசுகிறாரா, அல்லது அடுத்த புயலுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறாரா? சிலர் அழுவதுபோல நீட்டுவார்கள். சிலர் நேராக, வெட்கத்தோடு சொல்வதுபோல வாசிப்பார்கள். இரண்டாவது வகைதான் என் நெஞ்சில் தைக்கிறது. உங்களுக்கு முதலாவது பிடிக்கலாம். காரணம் சொல்ல முடிந்தால் போதும்.

மூன்றாவது இடம், மூன்றாம் அங்கம் நான்காம் அங்கத்தோடு சேரும் பாலம். இடையில் நிறுத்தம் கிடையாது. எல்லாம் அடங்கிப்போய், தந்திக் கருவிகள் மிக மெல்லிய ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்க, டிம்பனி முரசு மட்டும் இருட்டில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருக்கும். மேலே வயலின் ஒன்றும் புரியாமல் தடவித் தடவி ஏறும். அரை நிமிடத்துக்குச் சற்று மேல் இப்படிப் போய், கடைசிச் சில நொடிகளில் ஒலி திரண்டு பெருகி, மடை உடைந்ததுபோல நான்காம் அங்கம் திறக்கும். அந்த நொடியில்தான் டிராம்போன் என்ற பித்தளைக் கருவிகள் மூன்றும், பிக்கொலோ என்ற குட்டிப் புல்லாங்குழலும், மிகக் கீழான ஸ்வரங்களை ஊதும் இரட்டை பஸூனும் முதன்முறையாக வாயைத் திறக்கின்றன. பீத்தோவனின் சிம்பொனிகளில் டிராம்போன் ஒலித்தது அதுவே முதல் தடவை. அந்த மூன்று டிராம்போன்காரர்களும் முந்தைய மூன்று அங்கங்களிலும், இருபது நிமிடத்துக்கு மேலாக, கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதை உணர்ந்த வீடியோ இயக்குநர் பாலம் தொடங்கும்போதே அவர்களை ஒருமுறை காட்டிவிடுவார். கருவி மெல்ல உதட்டுக்கு எழும். ஏதோ வரப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

வாசிப்பைப் பொறுத்தவரை இங்கே ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: பாலத்தின் மென்மை உண்மையிலேயே மென்மையாக இருந்ததா? தொடக்கத்திலேயே கொஞ்சம் உரக்க வாசித்துவிட்டால், மடை உடைய அங்கே தண்ணீரே இருக்காது.

தீர்ப்புக்கு முன் உங்கள் டிவியைச் சரிசெய்யுங்கள்

அந்தப் பாலத்தைக் கேட்டுவிட்டு ஒருவர் என்னிடம், "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே" என்றார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டிவியின் ஒலி அமைப்பில் 'ஆட்டோ வால்யூம்' போட்டு வைத்திருந்தார். விளம்பரம் வரும்போது சத்தம் எகிறாமல் இருப்பதற்காகச் செய்த வசதி அது. மெல்லிய ஒலியை உயர்த்தும், பெரிய ஒலியைத் தாழ்த்தும். சிம்பொனிக்கு அது நஞ்சு. பாலத்தின் மென்மையை அது மேலே தூக்கிவிட்டது, வெடிப்பை அமுக்கிவிட்டது, இரண்டும் ஒரே மட்டத்தில் தட்டையாகப் போயின. பெர்லின் இசைக்குழுவே வாசித்தாலும் அந்த டிவியில் எடுபடாது. 'நைட் மோட்' என்பதும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. 'சினிமா', 'ஸ்டேடியம்' என்ற பெயர்களில் வரும் எதிரொலி விளையாட்டுகளையும் சேர்த்து அணைத்துவிடுங்கள். இசை வாசிக்கப்பட்ட அரங்கத்தின் எதிரொலி பதிவிலேயே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு அரங்கத்தைப் பூச வேண்டாம்.

அடுத்தது டிவியின் சொந்த ஒலிபெருக்கி. இப்போதைய தட்டை டிவிகளில் அது கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ இருக்கிறது. வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான டபுள் பேஸின் ஆகக் கீழான தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அதிர்வை இந்தச் சின்னக் கூம்பு எழுப்பவே முடியாது. 'இந்த இசைக்குழுவில் அடித்தளமே இல்லை' என்று நீங்கள் சொல்லும்போது பல நேரம் குறை இசைக்குழுவினுடையது அன்று.

புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் கரவோக்கே பாடுவதற்காக வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் தூசி படிந்து கிடக்கின்றன. டிவியின் ஒலியை அதில் இணையுங்கள். எக்கோ திருகை முழுவதும் சுழியத்துக்குத் திருப்புங்கள். பாஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். டிவிடி, புளூ-ரே பட்டியலில் ஒலித்தடம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 5.1 என்று ஒன்றும், பிசிஎம் ஸ்டீரியோ என்று ஒன்றும் இருந்தால், இரண்டே பெட்டி வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோவையே எடுங்கள்.

இன்னொன்று. எந்த இசைக்குழுவிலும் முதல் வயலின்காரர்கள் நமக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஒலி உங்கள் வலது பெட்டியிலிருந்து வந்தால் வயர் மாறியிருக்கிறது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் இது மாறிக் கிடந்தது ஒன்றிரண்டு அல்ல.

தகரக் கூரை வீட்டில் மாலை நாலு மணி மழையில் சிம்பொனி பார்க்க வேண்டாம். ஈப்போ சாலையில் லாரி ஓயும் இரவு நேரம் நல்லது.

கேமராவும் வாசிக்கிறது

அரங்கில் உட்கார்ந்து கேட்பவர் தன் கண்ணை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்கிறார். வீடியோவில் அதை வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். ஆகவே சிம்பொனி வீடியோ ஒவ்வொன்றிலும் இரண்டு வாசிப்புகள் உண்டு. ஒன்று இசைக்குழுவின் வாசிப்பு, மற்றொன்று கேமராவின் வாசிப்பு. இரண்டையும் பிரித்து எடைபோடக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கலையின் மையம். அதற்கு நான் கண்ட வழி எளியது. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அல்லது டிவியின் மேல் துணியைப் போடுங்கள். இசைக்குழுவைப் பற்றிய தீர்ப்பை அப்போதே மனத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை கண்ணைத் திறந்து பாருங்கள். கேமரா அந்த இசைக்குத் துணை நின்றதா, குறுக்கே வந்ததா என்பதை அப்போது பாருங்கள்.

நல்ல இயக்குநர்கள் இதற்காக எவ்வளவு உழைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இசைப்பிரதியை முழுதும் படித்து, எந்த வரியில் எந்தக் கேமரா யாரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கிறார்கள். கச்சேரி நடக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பிரதியைப் பின்தொடர்ந்து அடுத்த காட்சியைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிச் செய்த வீடியோவில் ஓபோவின் ஒலி வருவதற்கு அரை மூச்சு முன்னதாகவே ஓபோக்காரர் திரையில் வந்துவிடுவார். உழைக்காத வீடியோவில் நமக்குக் கிடைப்பது, வாசித்து முடித்தவர் கருவியை உதட்டிலிருந்து இறக்கும் காட்சி. கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா தோரணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தால் வீட்டார் மனம் எப்படி நோகுமோ, அப்படி நோகும் எனக்கு.

நீண்ட மெட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு நொடிக்கொரு முறை காட்சி மாறுவதும் கெடுதல்தான். அரங்கத்தின் தங்கக் கூரையையும், பார்வையாளர் வரிசையில் அழகாக உடுத்தியவரையும் காட்டுவது அதைவிடக் கெடுதல். இதற்கு மாறாக, எல்லாக் கருவிகளும் சேர்ந்து முழங்கும்போது தள்ளி நின்று முழு மேடையையும் காட்டும் பொறுமை உள்ள கேமராவைக் கண்டால், அந்த இயக்குநரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படிக் குறித்து வைத்த பெயர்களில் ஒன்று ஹம்ப்ரி பர்ட்டன்.

அவர் படம்பிடித்தவற்றில் ஒன்று, 1983இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபோ இசைக்குழுவைக் கார்லோஸ் கிளைபர் நடத்திய பீத்தோவனின் நான்காவதும் ஏழாவதும். கிளைபர் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் எதிரெதிராக உட்கார வைத்திருக்கிறார். ஏழாவதின் கடைசி அங்கத்தில் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளும். கோவில் மண்டபத்தில் இரண்டு தவில் நேருக்கு நேர் நிற்பது போன்ற சூடு. கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும் வீடியோ எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

ஹெர்பர்ட் ஃபான் காரயானின் வீடியோக்கள் முற்றிலும் வேறு உலகம். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் அவர். 1960களிலேயே சிம்பொனியைத் திரைப்படமாக எடுப்பதில் இறங்கினார். 1982இல் அதற்கென்றே தனி நிறுவனமும் தொடங்கினார். அவர் படங்களில் வில்கள் அணிவகுத்து ஒரே கோணத்தில் ஏறி இறங்கும், பித்தளைக் கருவிகள் மின்னும், அவர் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவார். பலவற்றில் ஒலியை முதலில் பதிவு செய்துவிட்டு, அதை ஒலிக்கவிட்டுப் பின்னர் படம் எடுத்தார்கள். நம் சினிமாப் பாட்டுக் காட்சி எடுப்பது போலத்தான். இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒலி அபாரமாக இருக்கும். ஆனால் அதை ஒரு மாலைப்பொழுதின் கச்சேரியாக எண்ணி எடைபோடக் கூடாது. செதுக்கிய படமாக எண்ணிப் பார்க்க வேண்டும். வாசிப்பவர்களின் முகம் அதிகம் தெரிவதில்லை என்பதுதான் எனக்குக் குறை. தவில்காரரின் முகத்தைப் பார்க்காமல் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவனா நான்?

இன்னொரு நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனிடம் ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 1970களில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் நடத்திய பீத்தோவன் கச்சேரிகள் பார்வையாளர் முன்னிலையில் படமாக்கப்பட்டவை. குதிப்பார், வேர்ப்பார், அழுவார், சிரிப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எல்லா இடமும் உணர்ச்சிமயமாகத் தோன்றும். எந்த அளவு இசைக்குழுவிலிருந்து வந்தது, எந்த அளவு அவர் முகத்திலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. துணியைப் போட்டு மறுபடி கேளுங்கள். பல இடங்களில் உணர்ச்சி ஒலியிலும் இருக்கிறது. சில இடங்களில் இல்லை. அதே பெர்ன்ஸ்டைன் ஹைடன் என்ற இசையமைப்பாளரின் 88ஆவது சிம்பொனியின் கடைசி அங்கத்தை வியன்னா இசைக்குழுவோடு மறுமுறை வாசிக்கும்போது, கையைக் கட்டிப்போட்டதுபோலச் சும்மா நின்று, புருவத்தாலும் கண்ணாலும் மட்டுமே நடத்துகிறார். இசைக்குழு அப்போதும் துல்லியமாக வாசிக்கிறது. கை வீச்சு வேறு, ஒலி வேறு என்பதைப் புதியவருக்குக் காட்ட அந்தச் சில நிமிடங்கள் போதும்.

பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளை ஒதுக்கிவிடாதீர்கள். 1948 முதல் 1952 வரை நடத்துநர் டோஸ்கனீனி, என்பிசி என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் இசைக்குழுவோடு பத்து முறை அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். படம் மங்கல், ஒலி ஒடுங்கியது. ஆனாலும் அந்த முதிய வயதிலும் அவர் பார்வையில் இருக்கும் கண்டிப்பும், அதற்கு இசைக்குழு பதறாமல் பதில் சொல்வதும் நமக்கு வந்து சேர்கின்றன. ஒலி நன்றாக இருந்து படம் சுமாராக இருந்தால் நான் வாங்குவேன். படம் அருமையாக இருந்து ஒலி சுமாராக இருந்தால் வாங்க மாட்டேன். ஒலியும் படமும் பழசாகி வாசிப்பு மட்டும் உயிரோடு இருந்தால், அதற்கும் காசு கொடுப்பேன்.

வேகத்தில் ஒரு கண்ணி

புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, அட்டையின் பின்புறம் அச்சிட்ட நிமிடக் கணக்கைப் பார்த்து, 'இவர் வேகமானவர், அவர் மந்தமானவர்' என்று சொல்வது. ஐந்தாவதின் முதல் அங்கத்தில் தொடக்கப் பகுதியை முழுதாக ஒருமுறை திரும்ப வாசிக்கும்படி பீத்தோவன் குறி போட்டிருக்கிறார். சில நடத்துநர்கள், குறிப்பாகப் பழைய தலைமுறையினர், அதைத் திரும்ப வாசிப்பதில்லை. ஒன்றரை நிமிடம்போல அங்கேயே குறைந்துவிடும். கடைசி அங்கத்திலும் இப்படி ஒரு குறி உண்டு. ஆகவே கணக்கைப் பார்க்காமல் காதால் கேளுங்கள்.

வேகமாக இருப்பதே நல்லது என்றும் இல்லை. பீத்தோவன் 1817இல் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் கணக்கை வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் அங்கத்துக்கு அவர் கொடுத்த வேகம் பல இசைக்குழுக்களுக்கு மூச்சு முட்டும் வேகம். அதை அப்படியே பின்பற்றுகிறவர்களும் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. நம் இசையில் காலப்பிரமாணம் என்று ஒன்றைச் சொல்வோம். எடுத்த காலத்தை விடாமல் பிடித்தல். நான் அதைத்தான் தேடுகிறேன். நிதானமாக எடுத்தவர் நிதானமாகவே நின்றால், உள்ளே ஒரு இழுவிசை உருவாகும். இடையிடையே களைத்துத் தொங்கினால் அந்த இழுவிசை அறுந்துவிடும். தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். அறுந்த இடம் விரலுக்கே தெரியும்.

நேரடிக் கச்சேரி என்று போட்டிருக்கும் பலவும் இரண்டு மூன்று இரவுகளின் பதிவிலிருந்து தொகுத்தவை. நடத்துநரின் நெற்றியில் வேர்வை ஒரு காட்சியில் வழிந்து, அடுத்த காட்சியில் காய்ந்து, மறுபடி வழிந்தால் அதுதான் காரணம். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

தொடங்குவதற்குக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. ஃபிராங்க்ஃபர்ட் வானொலி சிம்பொனி இசைக்குழு தன் கச்சேரிகள் பலவற்றை முழுமையாகவே யூடியூபில் வைத்திருக்கிறது. கேமரா வேலையும் ஒழுங்காக இருக்கும். டிவிடி வாங்குகிறவர்கள் மட்டும் டிவிடிகளை நாடு வாரியாகப் பிரிக்கும் மண்டல எண்ணில் நம் நாடு மண்டலம் 3 என்பதை நினைவில் வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பழைய விசிடிகளை இதற்கு எடுக்காதீர்கள். நாற்பது வில்கள் ஒன்றாக அசையும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

முடிந்தால் ஒரே ஒரு முறையாவது கோலாலம்பூருக்குப் போய், இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் என்ற அரங்கில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நேரில் கேளுங்கள். 1998 ஆகஸ்டிலிருந்து அங்கே வாசித்து வருகிறார்கள். நான் முதன்முறை போனபோது என்னை அசைத்தது பெரிய முழக்கம் அன்று, மெல்லிய ஒலி. நாற்பது பேர் சேர்ந்து வாசித்தும், பக்கத்து இருக்கைக்காரர் மூச்சுவிடுவது கேட்கும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. எந்த ஸ்பீக்கர் பெட்டியும் அதுவரை எனக்கு அதைத் தந்ததில்லை. எது மென்மை என்று காது ஒருமுறை அறிந்துகொண்டபின், வீட்டில் கேட்கும் ஒவ்வொரு பதிவையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறது.

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம், இசை முடிந்த பிறகு வருவது. மலிவாகத் தொகுத்த வீடியோவில் கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் கைத்தட்டலை வெட்டிப் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுவிடுவார்கள். கிளாடியோ அப்பாடோ 2010இல் லூசெர்ன் விழா இசைக்குழுவோடு நடத்திய மாலர் என்ற இசையமைப்பாளரின் ஒன்பதாவது சிம்பொனியைப் பாருங்கள். கடைசி அங்கம் தந்திக் கருவிகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, ஒலியா மௌனமா என்று தெரியாத இடத்தில் போய் நிற்கும். நின்ற பிறகு யாரும் கைத்தட்டுவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் அரங்கம் முழுதும் அசையாமல் இருக்கிறது. அந்த மௌனத்தை அவர்கள் வெட்டவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு அதை என் வீட்டில் போட்டேன். மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். செம்பனை ஆலைத் தம்பியும் இன்னும் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலி தேய்ந்து நின்று கொஞ்ச நேரம் ஆனது. தம்பி என் பக்கம் சாய்ந்து, உதடு மட்டும் அசையக் கேட்டார்: "அண்ணே, முடிந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை" என்றேன்.